உயிரோடு இருப்பவரின் மரபணுவைத் திருத்தலாமா?

2023 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ‘காஸ்ஜெவி’ என்ற சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் நுட்பத்தால் உருவாக்கப்பட்ட சிகிச்சை அது. அதற்கு மூன்று வாரங்கள் முன்பே, நவம்பர் 16இல், பிரிட்டன் அதை அனுமதித்திருந்தது. இந்த வகையில் உலகின் முதல் அனுமதி அதுதான். அதையொட்டிய வாரங்களில் பஹ்ரைனும் சவூதி அரேபியாவும் அனுமதி கொடுத்தன. வளைகுடா நாடுகள் இவ்வளவு விரைந்ததற்குக் காரணம் இருக்கிறது. காஸ்ஜெவி கொடுக்கப்படுவது அரிவாள் அணு சோகைக்கும் தலசீமியாவுக்கும். இரண்டும் பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வரும் இரத்த நோய்கள். இரண்டும் அந்தப் பகுதியில் அதிகம்.

நம் நாட்டிலும் குறைவில்லை. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கடுமையான தலசீமியாவோடு பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணு இருப்பது 1952இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. தலசீமியா உள்ள பிள்ளையை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற அழைத்துச் செல்லும் தாய்மார்கள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். ‘மரபணுவையே சரி செய்துவிடலாமாம்’ என்ற செய்தி அவர்கள் காதுக்கு எட்டியதும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. நம் பிள்ளைக்குக் கிடைக்குமா? இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஆகாதா?

இரண்டாவது கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு பொருள் இன்னதென்று மனத்தில் சரியாகப் பதிந்த பிறகுதான் அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று உஸூல் பாடத்தில் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எனவே முதலில் அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

செய்யப்படுவது என்ன?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ. இழையில், எந்தப் புரதம் எப்போது எவ்வளவு உருவாக வேண்டும் என்ற குறிப்புகள் உள்ளன. அந்தக் குறிப்புகளின் பகுதிகளே மரபணுக்கள். ஹீமோகுளோபினின் பாதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப் போனால் சிவப்பணு அரிவாள் போல் வளைந்துவிடும். அது நுண்ணிய நாளங்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அந்த வலியை அனுபவித்தவர்கள் எலும்புக்குள் கண்ணாடி உடைந்தது போலிருக்கும் என்பார்கள். தலசீமியாவில் அதே மரபணு போதிய அளவு வேலை செய்வதில்லை.

வியப்பு என்னவென்றால், காஸ்ஜெவி அந்தப் பிழையைத் தொடுவதே இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்த சில மாதங்களில் பி.சி.எல்.11ஏ என்ற மரபணு அதன் உற்பத்தியை அடக்கிவிடுகிறது. அந்த அடக்கும் பூட்டை இரத்த செல்களில் மட்டும் உடைத்துவிட்டால், உள்ளே உறங்கிக் கிடக்கும் சிசுப் பருவத்து ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கும். புதிதாக ஒன்றும் நுழைக்கப்படவில்லை. படைத்தவன் ஏற்கெனவே வைத்த ஒன்றைத் திறந்துவிடுகிறார்கள்.

செயல்முறை அத்தனை எளிதல்ல. நோயாளியின் இரத்த ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் திருத்துகிறார்கள். திருத்திய செல்களுக்கு இடம் வேண்டுமே! அதற்காக புசல்ஃபான் என்ற கடுமையான கீமோ மருந்தால் பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு திருத்தியவற்றைச் சொட்டுச் சொட்டாக உடலில் ஏற்றுகிறார்கள். வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம், முடி உதிர்வு, வாய்ப்புண், நோய்த்தொற்று அபாயம். பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் வாய்ப்பும் உண்டு. மணமாகாத இளைஞருக்கு இந்தக் கடைசி அபாயத்தை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அவருடைய விந்தணுவைச் சேமித்து வைத்து, பின்னர் அவர் உயிரோடு இருக்கும்போது அவருடைய மனைவிக்கு மட்டும் பயன்படுத்துவதை நிபந்தனைகளோடு ஆகுமாக்கிய ஆலிம்கள் இருக்கிறார்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட வேண்டாம்.

பலன் எப்படி? அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 அரிவாள் அணு நோயாளிகளில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதங்கள் தொடர்ச்சியாக அந்தக் கடும் வலித் தாக்குதல் வரவில்லை. மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே என்ற பெண்மணி 2019இல் இந்தச் சிகிச்சையைப் பெற்றார். வலியோடே வாழ்ந்து பழகிய அவர் பிறகு முழுநேர வேலைக்குச் சென்றதை உலக ஊடகங்கள் எழுதின.

இரத்த நோயோடு இது நிற்கவில்லை. ஷாங்காயில் பிறவியிலேயே காது கேளாத 6 குழந்தைகளுக்கு ஓட்டோஃப் என்ற மரபணுவை உள்காதில் செலுத்தியதில் 5 பேர் கேட்கும் திறன் பெற்றதாக 2024 ஜனவரியில் வெளியானது. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள 5 பேருக்கு அவர்களுடைய ஸ்டெம் செல்களிலேயே உறைவுக் காரணி மரபணுவைச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். கவனிக்கப்பட்ட காலத்தில் எவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற அறிக்கை 2024 டிசம்பரில் வெளிவந்தது. 2025 மே மாதம் பிலடெல்பியாவிலிருந்து வந்த செய்தி இன்னும் நுட்பமானது. அம்மோனியாவை வெளியேற்ற இயலாத அரிய கல்லீரல் குறையோடு பிறந்த ஒரு குழந்தைக்காக, அந்த ஒரு குழந்தையின் பிழைக்கென்றே, சில மாதங்களில் ஒரு மருந்தைத் தயாரித்துக் கொடுத்தார்கள்.

ஜெஸ்ஸியின் கதை

இவ்வளவையும் கேட்டுவிட்டு ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று எழுந்து போய்விடக் கூடாது. இந்தத் துறையின் இன்னொரு பக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும் நோயாளிக்கு முறையான அனுமதியுடன் மரபணு சிகிச்சை முதலில் செய்யப்பட்டது 1990 செப்டம்பர் 14 அன்று. நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாத, 4 வயதுச் சிறுமி ஆஷாந்தி டிசில்வா அதைப் பெற்றார். அவர் பிழைத்தார். பிறகு ஒன்பது ஆண்டுகள் ஆர்வமும் பணமும் பெருகின.

1999இல் ஜெஸ்ஸி கெல்சிங்கருக்கு வயது 18. அவருக்கும் அம்மோனியாவை வெளியேற்றுவதில் குறை இருந்தது. ஆனால் உணவுக் கட்டுப்பாட்டாலும் மாத்திரைகளாலும் அவர் நடமாடிக்கொண்டுதான் இருந்தார். இதே நோயின் கடும் வகையால் இறந்துபோகும் பச்சிளம் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குத் தாமே முன்வந்தார். அவருக்கு அதில் நேரடிப் பலன் எதுவும் இல்லை. எவ்வளவு அளவு வரை உடல் தாங்கும் என்று பார்க்கும் ஆய்வு அது. செப்டம்பர் 13 அன்று, மரபணுவைச் சுமந்த அடினோ வைரஸை அவருடைய கல்லீரலுக்குச் செல்லும் இரத்த நாளத்தில் செலுத்தினார்கள். அவருடைய உடல் அந்த வைரஸுக்கு எதிராகக் கொதித்தெழுந்தது. உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. 17ஆம் தேதி அவர் இறந்தார்.

விசாரணையில் வெளிவந்தவைதான் நம் கவனத்துக்கு உரியவை. முன்பு இதே போன்ற வைரஸ் செலுத்தப்பட்ட குரங்குகள் சில இறந்திருந்தன. அவரிடம் கையொப்பம் வாங்கிய ஒப்புதல் படிவத்தில் அந்தத் தகவல் இல்லை. சிகிச்சைக்கு முந்தைய நாள் அவருடைய அம்மோனியா அளவு ஆய்வின் வரம்பைவிட அதிகமாக இருந்தும் சேர்த்துக்கொண்டார்கள். ஆய்வை நடத்திய முதன்மை அறிவியலாளருக்கு அந்தத் தொழில்நுட்பத்தில் ஈடுபட்ட நிறுவனத்தில் பங்கு இருந்தது.

வியாபாரத்தில் சரக்கின் குறையை மறைத்து விற்றால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஃபிக்ஹில் ‘கியாருல் ஐப்’ பாடம் நடத்துகிறோம். ஒரு மாட்டின் குறையை மறைப்பதே இவ்வளவு பெரிய குற்றம் என்றால், மனித உடலுக்குள் ஏறப்போகும் ஒன்றின் குறையை மறைப்பது என்ன? இந்தத் துறையில் அறநெறிக் கேள்வி என்றதும் பலர் வானத்தைப் பார்க்கிறார்கள், ‘கடவுளாக நடிக்கிறார்களா’ என்று. நம் பார்வையில் கேள்வி தரையில் இருக்கிறது, அந்த ஒப்புதல் படிவத்தில்.

பாரிஸிலும் லண்டனிலும் எதிர்ப்புச் சக்தி இல்லாத 20 ஆண் குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சை அளித்தார்கள். பெரும்பாலோர் குணமடைந்தார்கள். ஆனால் 5 பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது, ஒருவர் இறந்தார். சுமந்து சென்ற வைரஸ், மரபணுவை இறக்கிய இடம் தவறான இடம். செல்லைப் பெருகத் தூண்டும் இன்னொரு மரபணுவுக்குப் பக்கத்தில் போய் அமர்ந்துவிட்டது. அங்கே எவரும் எதையும் மறைக்கவில்லை. சிகிச்சை கிடைக்காவிட்டால் அந்தக் குழந்தைகள் பிழைப்பதே அரிது. ஜெஸ்ஸியின் நிலையும் இவர்களின் நிலையும் ஒன்றல்ல. அபாயத்தின் அளவு ஒன்றாக இருந்தாலும், எதைத் தவிர்க்க அந்த அபாயம் ஏற்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். தீங்கைக் களைய வேண்டும், ஆனால் அதே அளவு தீங்கைக் கொண்டு களையக் கூடாது என்ற நம் ஃபுகஹாக்களின் விதி இங்கே அப்படியே பொருந்துகிறது.

படைப்பை மாற்றுவதா?

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். அன்னிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனம், அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களைத் தூண்டுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததைச் சொல்கிறது. இதில் ‘படைப்பு’ என்பது மார்க்கத்தையும் இயல்பையும் குறிக்கும் என்று முற்கால விரிவுரையாளர்களில் ஒரு சாரார் கூறினார்கள். காயடித்தல், பச்சை குத்துதல் போன்ற உடல் மாற்றங்களைக் குறிக்கும் என்று இன்னொரு சாரார் கூறினார்கள். இரண்டாவது கருத்தையே எடுத்துக்கொண்டாலும், நோய் தீர்க்கும் சிகிச்சை அதில் அடங்காது. அழகுக்காகப் பல்லில் இடைவெளி உண்டாக்கும் பெண்களைக் கண்டிக்கும் நபிமொழியை விளக்கும்போது இமாம் நவவி (ரஹ்) அவர்கள், சிகிச்சைக்காகவோ குறையை நீக்கவோ செய்தால் தவறில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இதைவிடத் தெளிவான முன்னுதாரணமும் உண்டு. அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்களின் மூக்கு குலாப் போரில் துண்டிக்கப்பட்டது. வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தினார்கள், அது துர்நாற்றம் வீசியது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும், தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். இழந்ததை மீட்பதற்காக, தடுக்கப்பட்ட பொருளே அனுமதிக்கப்பட்டது.

மக்காவில் உள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1998 அக்டோபரில் தன் 15ஆவது அமர்வில் இதைப் பேசியது. நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் அதன் கடுமையைக் குறைக்கவும் மரபணுத் துறையைப் பயன்படுத்தலாம், அதைவிடப் பெரிய தீங்கு விளையக் கூடாது என்பது முடிவு. மனித இனத்தை மேம்படுத்துகிறோம் என்ற பெயரில் மரபணுவில் தலையிடுவதையும், மனிதனின் ஆளுமையோடு விளையாடுவதையும் அந்தச் சபை தடுத்தது. அப்போது கிரிஸ்பர் கண்டறியப்படவே இல்லை. ஜெனிஃபர் டௌட்னாவும் இமானுவேல் சார்பென்டியேவும் அதை வெளியிட்டது 2012இல், நோபல் பெற்றது 2020இல். ஆயினும் ஆலிம்கள் போட்ட கோடு இன்றும் செல்லுபடியாகிறது.

அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் இருப்பவை எவை? 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசையா ஸேனர் என்பவர் தசை பெருக வேண்டி, பார்வையாளர்கள் முன்னிலையில் தம் கையில் தாமே கிரிஸ்பர் ஊசி போட்டுக்கொண்டார். தசை ஒன்றும் பெருகவில்லை என்பது வேறு விஷயம். விளையாட்டு வீரர்கள் மரபணுவால் வலிமை கூட்டிக்கொள்வதை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2003 முதல் தடை செய்திருக்கிறது. பின்லாந்தின் ஈரோ மான்டுராண்டா 1964 ஒலிம்பிக் பனிச்சறுக்கில் தங்கம் வென்றவர். இயல்பாகவே சிவப்பணுவை மிகுதியாக உண்டாக்கும் ஒரு மரபணு மாற்றம் அவர் குடும்பத்தில் இருந்தது பின்னாளில் தெரிந்தது. அவருக்குப் பிறவியில் வாய்த்ததை இன்னொருவர் ஊசியில் வாங்க நினைப்பதுதான் பிரச்சினை.

எல்லா இடத்திலும் கோடு இவ்வளவு தெளிவாக இல்லை. பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்கு, கல்லீரலில் பி.சி.எஸ்.கே.9 மரபணுவை ஒரே ஊசியில் அணைத்துவிடும் ஆய்வு 2022இல் நியூசிலாந்தில் தொடங்கியது. இளவயதிலேயே மாரடைப்பு வரும் குடும்பத்தைச் சேர்ந்தவருக்கு அது நோய்த் தடுப்பு, மக்கா சபையின் சொல்லுக்குள் வந்துவிடும். நாளை அதையே நலமாக இருக்கும் நாற்பது வயதுக்காரர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கேட்டால்? மாத்திரையை நிறுத்திவிடலாம், திருத்திய மரபணுவைத் திரும்பப் பெற முடியாது. தினமும் ஒரு மாத்திரை போதுமான இடத்தில் மீள முடியாத வழியைத் தேர்ந்தெடுக்க நியாயம் இல்லை என்பதே நம் கருத்து.

கருவைத் திருத்துவது முற்றிலும் வேறு விவகாரம். 2018 நவம்பரில் சீனாவின் ஹே ஜியான்குய், கருவிலேயே திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு 3 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். உயிரோடு இருப்பவரின் மஜ்ஜையில் செய்யும் திருத்தம் அவரோடு முடிகிறது. கருவில் செய்வது பேரன் பேத்திகள் வரை போகும், அவர்களிடம் ஒப்புதல் கேட்க வழியே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019 வழிகாட்டு நெறிகளும் இதைத் தடுத்திருக்கின்றன.

விலையும் ஜகாத்தும்

காஸ்ஜெவியின் விலை அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 18 கோடி ரூபாய். தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கான சோல்ஜென்ஸ்மாவும் அதே அளவில்தான். 2021இல் தமிழகத்திலும் கேரளத்திலும் குழந்தைகளுக்காக 16 கோடி, 18 கோடி என்று மக்கள் பணம் திரட்டியதை நாம் பார்த்தோம். பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் உண்டியல் நிறைந்தது. அந்த ஈரமான மனங்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஜகாத் பணத்தைக் கொடுக்கலாமா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. சிகிச்சைச் செலவுக்கு வழியற்ற நோயாளி ஏழைகளுக்கான பங்கில் வருவார். ஹனஃபி மத்ஹபில் பணம் அவருடைய அல்லது பாதுகாவலருடைய உடைமையாக்கப்பட வேண்டும், மருத்துவமனைக் கணக்கில் நேராகக் கட்டிவிடக் கூடாது. அவரிடம் ஒப்புதல் பெற்று அவர் சார்பாகக் கட்டலாம். ஆக, கொடுக்கலாம் என்பது பதில். ஆனால் ஒரு மஹல்லாவின் முழு ஜகாத்தும் ஒரே ஊசிக்குப் போய், அதே தெருவில் இருக்கும் தலசீமியா பிள்ளை இரும்புச் சத்தை வெளியேற்றும் மாத்திரை வாங்க முடியாமல் இருந்தால், பங்கீட்டில் பிழை இருக்கிறது. தன்னார்வ நன்கொடையை ஊசிக்குத் திரட்டுங்கள், ஜகாத்தை அன்றாட மருந்துக்கு வையுங்கள் என்றே நாம் சொல்லி வருகிறோம். மாற்றுக் கருத்துள்ள ஆலிம்களும் உண்டு.

விலை குறையவே குறையாது என்பதும் இல்லை. புற்றுநோய்க்கு எதிராக நோயாளியின் வெள்ளணுவையே மரபணு மாற்றிப் போராட வைக்கும் கார்-டி சிகிச்சை வெளிநாட்டில் கோடிகளில் இருந்தது. ஐ.ஐ.டி. மும்பையும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் அனுமதி பெற்று, சில பத்து லட்சங்களில் கிடைக்கத் தொடங்கியது.

விலை குறையும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு பிள்ளைக்கு நோய் வர. மாமன் மகள், அத்தை மகள் என்று சொந்தத்துக்குள் நிக்காஹ் செய்யும் குடும்பங்களில் இருவருமே சுமப்பவர்களாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். சவூதி அரேபியா 2004 முதல் திருமணத்துக்கு முன் இந்த இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவுப் படிவத்தோடு மஹர் தொகையைக் கேட்கின்றன, வலிமார் பெயரைக் கேட்கின்றன. ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனைச் சீட்டையும் கேட்கலாம். முடிவை இரு குடும்பத்தார் மட்டும் அறிந்தால் போதும், பெண்ணின் பெயரோ பையனின் பெயரோ ஊரில் அடிபடக் கூடாது.

இப்போதே பிள்ளை நோயோடு இருக்கும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பலன் உறுதியில்லாத சிகிச்சையை மறுப்பது பாவமல்ல. சிகிச்சை பெறுவது கடமை என்று பெரும்பாலான இமாம்கள் சொல்லவில்லை, நல்லது என்றார்கள். உறவினர் எவரும் உங்களைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆய்வில் சேரச் சொல்லி யாராவது அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அதை எவரும் இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எவருக்கு என்ன கெடுதல் ஆனது என்று கேளுங்கள். தமிழில் எழுதப்பட்ட ஒப்புதல் படிவம் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். ஆய்வில் இருக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.